பதக்கத்தில் ஒரு மூன்று டாலர் தங்கக் காசு: உருக்கலாமா, விற்கலாமா?

கேள்வி: ஹியூஸ்டனில் வசிக்கிறோம். பக்கத்து வீட்டு அமெரிக்கப் பாட்டி என் மகளைக் கைக்குழந்தையிலிருந்து பார்த்துக்கொண்டவர். இறப்பதற்கு முன், தன் குடும்பத்தில் வழிவழியாக வந்த ஒரு பதக்கத்தை அவளுக்குக் கொடுத்தார். அது ஒரு பழைய தங்கக் காசு. ஒரு பக்கம் இறகுக் கிரீடம் வைத்த பெண்ணின் தலை, மறுபக்கம் மாலைக்குள் '3 டாலர்ஸ் 1878'. மேலே வளையம் பற்றவைத்திருக்கிறார்கள். நகைக்கடையில் உரசிப் பார்த்து, "தங்கம்தான், ஆனால் 22 காரட் இல்லை" என்று எடைக்கு ஒரு விலை சொன்னார்கள். அண்ணன் மகனோ, இதே காசு ஐம்பது லட்சம் டாலருக்கு மேல் விற்றதாகக் கைபேசியில் காட்டுகிறான். காசு ஓரங்களில் கறுத்திருக்கிறது. வளையத்தை எடுத்து, மெருகு போட்டு, மகள் கல்யாணத்துக்குப் புதுச் சங்கிலியில் கோக்கலாம் என்று நினைக்கிறேன். செய்யலாமா? அல்லது விற்றுவிடுவது நல்லதா? இது உண்மையிலேயே அபூர்வமா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் மெருகு போடும் யோசனையை விட்டுவிடுங்கள். வளையத்தையும் இப்போதைக்குத் தொட வேண்டாம். எடைக்குச் சொன்ன விலைக்குச் சம்மதிக்கவும் வேண்டாம். காசு மதிப்பிடும் தொழிலில் இருப்பவனாக நான் அதிகம் வருத்தப்படுவது, நல்ல எண்ணத்தோடு துலக்கிக் கெடுத்த காசுகளைப் பார்க்கும்போதுதான். உங்களுடையது அந்த வரிசையில் சேர வேண்டாம்.

உங்கள் அண்ணன் மகன் காட்டிய செய்தி பொய்யில்லை. 2023 ஜனவரியில் ஹெரிடேஜ் நிறுவனத்தின் ஏலத்தில் ஒரு மூன்று டாலர் தங்கக் காசு 55 லட்சத்து 20 ஆயிரம் டாலருக்குப் போனது. ஆனால் அது 1870ல் சான்பிரான்சிஸ்கோ நாணயச்சாலையில் அடித்தது. இன்று உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் அப்படி இருக்கிறது. உங்களுடையது 1878, பிலடெல்பியா. அதே முகம், அதே மாலை, அதே எடைதான். அடித்த ஆண்டும் ஊரும்தான் வேறு. பழங்காசு உலகில் விலையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இந்த இரண்டும், காசு இருக்கும் நிலையும்தான். 1878ல் இந்தக் காசு 82,304 அடிக்கப்பட்டது. மூன்று டாலர் காசு சேர்க்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் முதலில் வாங்குவது 1878ஐத்தான், காரணம் எளிதில் கிடைக்கிறது. ஆகவே கோடீஸ்வரக் கனவை ஓரமாக வைத்துவிடலாம். அதற்காகக் கடைக்காரர் சொன்ன விலையும் சரியாகிவிடாது. அதற்கு வருகிறேன்.

உங்கள் கையில் இருப்பது என்ன என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். இந்தக் காசை வடிவமைத்தவர் ஜேம்ஸ் பார்ட்டன் லாங்கேகர். 1844 முதல் 1869ல் இறக்கும்வரை அமெரிக்க நாணயச்சாலையின் தலைமைச் செதுக்குநர். 1853 பிப்ரவரியில் வந்த சட்டம் மூன்று டாலர் தங்கக் காசுக்கு அனுமதி கொடுத்தது, 1854ல் அடிக்கத் தொடங்கினார்கள். மூன்று டாலர் என்ற விசித்திரத் தொகை எதற்கு? 1851ல் அமெரிக்காவில் சாதாரணக் கடிதத்துக்கான தபால் கட்டணம் மூன்று சென்ட்டாகக் குறைந்தது. நூறு தபால் தலை கொண்ட ஒரு தாள் வாங்க மூன்று டாலர். அதை ஒரே காசாகக் கொடுக்கலாம் என்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் காரணம்.

லாங்கேகருக்கு இதில் ஒரு சிக்கல் இருந்தது. இரண்டரை டாலர் தங்கக் காசு ஏற்கெனவே புழக்கத்தில் இருந்தது. அரை டாலர்தான் வித்தியாசம், இரண்டும் தங்கம். அவசரத்தில் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைக் கொடுத்துவிடுவார்கள். அதனால் மூன்று டாலரைக் கொஞ்சம் மெல்லிசாக்கி அகலப்படுத்தினார்கள். இரண்டரை டாலரின் விட்டம் 18 மில்லிமீட்டர், இதற்கு 20.5. உருவத்தையும் முற்றிலும் மாற்றினார் லாங்கேகர். இரண்டரை டாலர் காசில் சுதந்திர தேவியின் தலையைச் சுற்றி நட்சத்திரங்கள் இருக்கும், பின்பக்கம் கழுகு இருக்கும். இதில் நட்சத்திரமும் இல்லை, கழுகும் இல்லை.

பதக்கத்தை ஒரு நல்ல விளக்கடியில் வைத்து, நகைக்கடையில் வைத்திருப்பார்களே, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், அதில் பாருங்கள். இடப்பக்கம் பார்க்கும் முகம். நெற்றிக்கு மேலே ஒரு பட்டை, அதில் 'லிபர்ட்டி' என்ற ஆங்கில எழுத்துகள். பட்டையிலிருந்து வரிசையாக இறகுகள் மேலே எழும்பி, நுனியில் லேசாகச் சுருண்டு நிற்கும். பின்னால் கழுத்தில் கூந்தல் சுருள்சுருளாக விழும். சேகரிப்பாளர்கள் இவளை 'இந்திய இளவரசி' என்று கூப்பிடுவார்கள், ஆனால் லாங்கேகர் செதுக்கியது சுதந்திர தேவியைத்தான். மூக்கையும் தாடையையும் கவனித்தால் பூர்வகுடிப் பெண்ணின் சாயல் எங்கும் இல்லை. பிலடெல்பியாவில் காட்சிக்கு இருந்த ஒரு பழைய வீனஸ் சிலையை, குந்தி உட்கார்ந்திருக்கும் வீனஸை, மாதிரியாக வைத்துக்கொண்டார். அந்த முகத்துக்கு இறகுத் தலையணி சூட்டினார். 1858ல் நாணயச்சாலை இயக்குநர் ஸ்னோடனுக்கு எழுதிய கடிதத்தில் இதற்கு விளக்கமும் கொடுத்தார். ஆசியக்காரனுக்குத் தலைப்பாகை எப்படியோ அப்படி இந்தக் கண்டத்தின் மக்களுக்கு இறகு முடி என்பது அவர் வாதம். உண்மையில் அப்படிப்பட்ட இறகு முடியைச் சூடியவர்கள் சமவெளிப் பூர்வகுடிகளின் ஆண்கள், போர்வீரர்களும் தலைவர்களும். ஆணின் தலையணியைக் கிரேக்க முகமுள்ள பெண்ணுக்கு வைத்ததில் வரலாற்றுப் பிழை உண்டு. அந்த மக்களின் நிலங்கள் பறிபோய்க்கொண்டிருந்த அதே காலத்தில் அவர்களின் அடையாளம் மட்டும் தங்கத்தில் ஏறியது என்பதும் எனக்கு உறுத்தும். இருந்தாலும் அந்த இறகுகளின் செதுக்கலைப் பார்க்கும்போது அசந்துதான் போகிறேன். இரண்டு சென்டிமீட்டர் வட்டத்துக்குள் ஒவ்வொரு இறகின் நரம்பும் தனித்தனியாகத் தெரியும்.

அப்புறம் திருப்புங்கள். பதக்கத்தைப் புத்தகப் பக்கம் போலப் பக்கவாட்டில் திருப்பினால் பின்பக்கம் தலைகீழாகத் தெரியும். பயப்பட வேண்டாம், அமெரிக்கக் காசுகளை அப்படித்தான் அடிப்பார்கள். மேலிருந்து கீழாகத் திருப்பினால் நேராக வரும். மாலையில் இருப்பது வெறும் இலைகள் அல்ல. கோதுமைக் கதிர், மக்காச்சோளம், பருத்தி, புகையிலை ஆகிய நான்கையும் சேர்த்துக் கட்டியிருக்கிறார். அடியில் ஒரு நாடா முடிச்சு. தானியம் வடக்கே அதிகம், பருத்தி தெற்கின் உயிர். 1854ல் இவற்றை ஒரே நாடாவில் கட்டிய நாடு, ஏழு வருடம் கழித்து வடக்கு தெற்காகப் பிரிந்து சண்டை போட்டது. எனக்கு இந்தக் காசில் முகத்தை விட இந்த மாலைதான் பிடிக்கும். நாணயச்சாலைக்கும் பிடித்திருக்க வேண்டும், பறக்கும் கழுகு போட்ட ஒரு சென்ட் காசின் பின்பக்கத்துக்கு இதையே எடுத்துக்கொண்டார்கள்.

முடிச்சுக்குக் கீழே ஏதாவது எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். இருக்கக் கூடாது. மற்ற நாணயச்சாலைகள் தங்கள் ஊரைக் குறிக்கும் எழுத்து ஒன்றைப் போட்டன, பிலடெல்பியா அந்தக் காலத்தில் தன் குறியைப் போடவில்லை. 1878ல் வேறு எங்கும் மூன்று டாலர் அடிக்கவும் இல்லை. ஆகவே 1878 என்ற ஆண்டோடு 'எஸ்', 'டி', 'ஓ' என்று ஏதாவது எழுத்து இருந்தால் போலி என்று அங்கேயே முடிவு கட்டிவிடலாம்.

இனி அபூர்வம் பற்றி. 1854 முதல் 1889 வரை முப்பத்தாறு வருடங்களில் எல்லா ஊர்களிலும் சேர்த்து அடித்தது ஐந்தரை லட்சத்துக்கும் குறைவு. அதில் 1,38,618 முதல் வருடமே பிலடெல்பியாவில் அடித்தவை. அதற்குப் பிறகு ஆர்வம் வடிந்துவிட்டது. ஜனங்களுக்கு இந்தக் காசு பழகவில்லை. 1861 கடைசியில், உள்நாட்டுப் போர் தொடங்கிய சில மாதங்களில், வங்கிகள் நோட்டுக்குத் தங்கம் தருவதை நிறுத்தின. கையில் தங்கம் வைத்திருந்தவர்கள் பதுக்கினார்கள். கிழக்கு மாநிலங்களில் தங்கக் காசு கடைத்தெருவில் தலைகாட்டவே இல்லை. 1879 ஜனவரி முதல் தேதியிலிருந்து நோட்டைக் கொடுத்துத் தங்கம் வாங்கலாம் என்று அரசு நாள் குறித்திருந்தது. அதை எதிர்பார்த்துத்தான் 1878ல் இவ்வளவு அடித்தார்கள் என்பது பொதுவான விளக்கம். உங்கள் பாட்டியின் காசு அந்த எதிர்பார்ப்பில் பிறந்தது. ஆனால் நோட்டும் தங்கமும் சம மதிப்புக்கு வந்ததும் ஜனங்கள் நோட்டே போதும் என்றுவிட்டார்கள். சின்னத் தங்கக் காசுகள் பரிசாகவும் நகையாகவும் போயின. பாட்டி வீட்டில் அது பதக்கமானதும் அந்த வழக்கத்தில்தான் இருக்கும்.

எண்ணிக்கையை மட்டும் வைத்து அபூர்வத்தை அளக்க முடியாது என்பதற்கு இந்தக் காசே நல்ல பாடம். ஜார்ஜியா மாநிலத்தின் டாலோனேகாவில் 1854ல் மட்டும், 1,120 காசு அடித்தார்கள். அவை புழங்கித் தேய்ந்து அழிந்துபோயின. இன்று இந்த 1854-டி ('டி' என்பது டாலோனேகாவின் குறி) எங்கே வந்தாலும் போட்டி. 1879ல் பிலடெல்பியாவில் அடித்தது சுமார் 3,000 மட்டுமே. ஆனால் அதில் நல்ல பங்கு பளபளப்பு மாறாமல் இன்றும் கிடைக்கிறது, காரணம் அப்போதே வியாபாரிகளும் சேகரிப்பாளர்களும் எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டார்கள். 1875ல் புழக்கத்துக்கு ஒன்றுகூட அடிக்கவில்லை, சேகரிப்பாளர்களுக்கென்று தனியாக மெருகேற்றி அடித்த இருபது புரூஃப் காசுகள்தான் கணக்கில் உண்டு. எத்தனை அடித்தார்கள் என்பதோடு, எத்தனை தப்பிப் பிழைத்தன, எந்த நிலையில் பிழைத்தன என்பதையும் கேட்க வேண்டும். உங்கள் 1878 நிறைய அடிக்கப்பட்டது, நிறையப் பிழைத்தும் இருக்கிறது.

அந்த 1870 காசின் கதையையும் சொல்லிவிடுகிறேன், உங்கள் அண்ணன் மகன் ரசிப்பான். 1870 மே மாதம் சான்பிரான்சிஸ்கோவில் புதிய நாணயச்சாலைக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். அடிக்கல்லுக்குள் அந்த வருடத்துக் காசுகளை வைப்பது திட்டம். பிலடெல்பியாவிலிருந்து வந்த அச்சில் சான்பிரான்சிஸ்கோவுக்கான 'எஸ்' எழுத்தைப் போட மறந்துவிட்டார்கள். அங்கே காசடிக்கும் பொறுப்பில் இருந்த ஹார்ம்ஸ்டெட் தன் கையாலேயே அச்சில் 'எஸ்' வெட்டினார். ஒன்று அடிக்கல்லுக்குள் போனது என்பார்கள், அது இதுவரை வெளியே வரவில்லை. இன்னொன்றுதான் உலகம் பார்த்த ஒரே காசு. அதன் பின்பக்கத்தில் யாரோ 893 என்று கீறியிருக்கிறார்கள். அந்தக் கீறலோடுதான் 1982ல் 6,87,500 டாலருக்குப் போனது, கீறலோடுதான் 2023லும் விற்றது. உலகில் ஒன்றே இருப்பதால் அதை மன்னித்தார்கள். உங்கள் காசுக்கு அந்தச் சலுகை கிடைக்காது, அதனால்தான் புதிதாக ஒரு கீறல்கூட விழக் கூடாது என்கிறேன்.

கடைக்காரர் உரசிப் பார்த்ததில் தெரிந்தது ஒன்றுதான்: உலோகம் தங்கம். 22 காரட் இல்லை என்றதும் சரியே. அமெரிக்கத் தங்கக் காசில் பத்தில் ஒன்பது பங்கு தங்கம், ஒரு பங்கு செம்பு, காரட் கணக்கில் 21.6. நம் ஊர் 916 நகையைவிடக் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான், தரக்குறைவு என்று நினைக்காதீர்கள். மொத்த எடை 5.015 கிராம், அதில் சுத்தத் தங்கம் நாலரை கிராம். எட்டு கிராம் பவுனில் பாதிக்குக் கொஞ்சம் மேலே.

ஆனால் தங்கம் அசல் என்பதால் காசும் அசல் என்று ஆகாது. இதை நீங்கள் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். 1933ல் ரூஸ்வெல்ட் அரசு தனியார் தங்கம் வைத்திருப்பதற்குத் தடை போட்டது. அந்தத் தடை 1974 கடைசியில்தான் நீங்கியது. சேகரிப்புக்குரிய அபூர்வக் காசுகளுக்கு மட்டும் விலக்கு இருந்தது. காசாக இருந்தால் தங்க மதிப்பைவிட நல்ல கூடுதல் விலை. விடுவார்களா? இருபதாம் நூற்றாண்டின் நடுவில், குறிப்பாக மத்திய கிழக்கில், அசல் தங்கத்திலேயே போலி அமெரிக்கக் காசுகளை அடித்துத் தள்ளினார்கள். மூன்று டாலரும் தப்பவில்லை. அப்படிப்பட்ட போலியை உரைகல் பிடிக்காது. உங்கள் பதக்கத்தில் வளையமும் பற்றாசும் சேர்ந்திருப்பதால் எடை போட்டும் கண்டுபிடிக்க முடியாது. லென்ஸில்தான் பார்க்க வேண்டும். எழுத்துகளின் ஓரம் கூர்மையாக இல்லாமல் மொழுக்கென்று இருக்கிறதா, வெறும் பரப்பில் சின்னச் சின்ன மேடுகளோ பள்ளங்களோ தெரிகின்றனவா, இறகு நரம்புகள் குழம்பிப்போயிருக்கின்றனவா? கன்னத்துக்கு அருகிலுள்ள கூந்தல், இறகு நுனி, நாடா முடிச்சு ஆகியவை முதலில் தேயும் இடங்கள். அங்கே தேய்மானம் இருப்பது இயல்பு. அங்கே தேயாமல் வெறும் பரப்பு மட்டும் மங்கியிருந்தால் சந்தேகப்படலாம். பாட்டி குடும்பத்தில் நூறு வருடத்துக்கு மேல் இருந்தது என்றால் நம்பிக்கைக்கு இடம் உண்டு. ஆனாலும் குடும்பக் கதை சான்றாகாது, கண்ணால் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

கறுப்பைப் பற்றிக் கவலைப்பட்டீர்கள். அது செம்பு கலந்த தங்கத்தின் வயதும், இடுக்குகளில் சேர்ந்த அழுக்கும்தான். மெருகுச் சக்கரத்தில் வைத்தால் அழுக்கோடு சேர்த்து 1878ல் அச்சு பதித்த மேல்தோலும் போய்விடும். பல்பொடி, புளி, எலுமிச்சை எதுவுமே வேண்டாம். பார்க்க ஜொலிக்கும், ஆனால் தெரிந்தவன் ஒரு நொடியில் சொல்லிவிடுவான், விலையும் அந்த நொடியில் இறங்கிவிடும்.

வளையம் பற்றவைத்ததால் ஒரு பாதிப்பு ஏற்கெனவே நடந்துவிட்டது. காசின் விளிம்பில் நெருக்கமான வரிகள் இருக்கும், பற்றாசு அந்த வரிகளை மூடியிருக்கும். வளையத்தை எடுத்தாலும் தழும்பு போகாது, அவசரமாக அரத்தால் ராவினால் இன்னும் பெரிதாகும். இப்படி நகையாக இருந்த காசுகளுக்கு சான்றளிக்கும் நிறுவனங்கள் 70 வரைக்கான அளவுகோலில் சாதாரண எண் கொடுப்பதில்லை. அசல்தான், ஆனால் சேதம் உண்டு என்று 'டீடெய்ல்ஸ்' என எழுதித் தருவார்கள். சேதமில்லாத 1878க்குக் கிடைக்கும் விலை இதற்குக் கிடைக்காது. ஆனாலும் அசல் என்று உறுதியானால், நகையாக இருந்த மூன்று டாலரும் பொதுவாகத் தங்க மதிப்புக்கு மேலேதான் விற்கும். எடைக்குக் கொடுக்க வேண்டாம் என்று நான் தொடக்கத்தில் சொன்னது இதனால்தான்.

சரி, என்ன செய்யலாம்? நகைக்கடைக்குப் போகாமல், பழங்காசு வியாபாரியிடம் போங்கள். ப்ரொஃபெஷனல் நியூமிஸ்மாட்டிஸ்ட்ஸ் கில்டு என்ற சங்கத்தில் உறுப்பினராக இருப்பவரா என்று கேளுங்கள். டெக்சாஸில் காசு வியாபாரிகளுக்கும் கண்காட்சிகளுக்கும் பஞ்சமில்லை. காசை அவர் கையில் கொடுத்துவிட்டு நகராதீர்கள், எதிரிலேயே பார்க்கச் சொல்லுங்கள். "இது அசலா?" என்பது மட்டும்தான் முதல் கேள்வி, விலையை அவரிடம் முதலில் கேட்க வேண்டாம். அசல் என்று இரண்டு பேர் சொன்னால் பிசிஜிஎஸ் அல்லது என்ஜிசி என்ற சான்றளிக்கும் நிறுவனத்தில் சான்றிதழ் வாங்குவது பற்றி யோசிக்கலாம். அதற்கு வளையத்தை எடுக்க வேண்டிவரும், காசு வேலை தெரிந்தவர்தான் எடுக்க வேண்டும்.

விற்பதா வைத்திருப்பதா என்று என்னைக் கேட்டால், வைத்திருங்கள் என்பேன். பணத் தேவை இருந்து விற்றால் அதில் தப்பு ஒன்றும் இல்லை, இரண்டு மூன்று இடத்தில் விலை கேட்டு விற்கலாம். ஆனால் மகள் கல்யாணத்துக்கு அணிய வேண்டும் என்பதே ஆசை என்றால், அதைத் தாராளமாகச் செய்யலாம். நகையாகி ஒரு நூற்றாண்டு ஆன காசு இது, இருக்கும் நிலையில் அணிவதால் பெரிதாக ஒன்றும் இழக்கப்போவதில்லை. பழைய வளையம் உறுதியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்து, அதிலேயே சங்கிலியைக் கோத்துவிடுங்கள். வளையம் தேய்ந்திருந்தால், காசைச் சுற்றிக் கவ்வும் திருகுச் சட்டம் ஒன்று போடச் சொல்லுங்கள், பற்றாசு இல்லாமல். 20.5 மில்லிமீட்டர் அளவு சொல்லி, வளையத்துக்கு இடம் விட்டுச் செய்யச் சொல்ல வேண்டும். கல் பதித்த மற்ற நகைகளோடு ஒரே பெட்டியில் போட்டு வைக்காதீர்கள், வைரமோ கெம்போ உரசினால் முகத்தில் கோடு விழும். அணிந்து கழற்றியதும் மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம்.

இரண்டு பக்கத்தையும், விளிம்பில் வளையம் சேரும் இடத்தையும் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்புங்கள். விளிம்பு வரிகள் எவ்வளவு மிச்சம் இருக்கின்றன என்று பார்த்தால், வளையத்தை எடுப்பது பயன் தருமா என்று என்னால் இன்னும் நிச்சயமாகச் சொல்ல முடியும்.